ரிப்போர்ட்டில் ‘ஈஆர் பாசிட்டிவ்’: கர்ப்பப்பைப் புற்றுநோயும் ஹார்மோன் சிகிச்சையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பேத்தாலஜி டாக்டர். நோயாளியைப் பார்ப்பதில்லை, அவர் உடம்பிலிருந்து எடுத்த திசுவைத்தான் பார்க்கிறேன். ஆனால் ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலுக்கும் என் மேஜைக்கும் நடுவே பத்தடிதான். காகிதத்தைப் பிரித்துப் பார்த்ததும் முகம் வெளிறிப்போய் உள்ளே எட்டிப் பார்ப்பவர்கள் தினமும் ஒருவராவது உண்டு. அவர்கள் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்தேன். பதில் விஷயத்தைப் புரிந்துகொள்ளத்தான். மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் புற்றுநோய் மருத்துவர் சொல்லி நடக்க வேண்டியவை.

“கர்ப்பப்பை கேன்சர்னா எல்லாம் ஒண்ணுதானே மேடம்? எங்க அத்தைக்கும் இதேதான், கரண்ட் வச்சே சரி பண்ணிட்டாங்க.”

ஒன்றில்லை. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சொல்வதால்தான் பாதிக் குழப்பம். கர்ப்பப்பையின் வாயில் வருவது ஒரு நோய். அது பெரும்பாலும் எச்பிவி வைரஸால் வருவது, ரேடியேஷனுக்கு நன்றாகக் கட்டுப்படும். உங்கள் அத்தைக்கு அதுவாக இருந்திருக்கலாம். அதில் ஹார்மோன் சிகிச்சைக்கு இடமில்லை.

இந்தப் பக்கம் பேசுவது கர்ப்பப்பையின் உடல் பகுதியில் வருவதைப் பற்றி. மாதாமாதம் வளர்ந்து உதிரும் உள்சுவரான எண்டோமெட்ரியத்தில் வருவதுதான் இதில் அதிகம். அந்தச் சுவரின் தாங்கு திசுவிலும், வெளித் தசையிலும் வரும் சார்கோமாக்கள் அபூர்வம். அவற்றுக்குப் பின்னால் தனிக் கேள்வி இருக்கிறது. இன்னொன்று: பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாய்க்கான சோதனை, அது நார்மல் என்பதால் உள்சுவரும் நார்மல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

“ரிசெப்டர்னா என்ன? அது ஒரு கிருமியா?”

கிருமி இல்லை. உயிரணுவுக்குள் இருக்கும் ஒரு புரதம், தமிழில் ஏற்பி என்கிறோம். இரத்தத்தில் வரும் ஹார்மோன் இந்தப் புரதத்தில் பொருந்தியதும், இரண்டும் சேர்ந்து உயிரணுவின் கருவுக்குள் மரபணுக்களை இயக்குகின்றன. ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பி ஈஆர், புரோஜெஸ்டிரோனுக்கானது பிஆர்.

கர்ப்பப்பையின் நல்ல உள்சுவரிலும் இவை நிறைய உண்டு. மாதத்தின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் சுவரை வளர்ப்பதும், பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சியை நிறுத்திச் சுவரைப் பக்குவப்படுத்துவதும் இவற்றின் வழியாகத்தான். ஆகவே ரிசெப்டர் புற்றுநோய் கொண்டுவந்த பொருளல்ல. அந்தத் திசு பிறவியிலிருந்தே வைத்திருப்பது.

“பாசிட்டிவ்னு போட்டிருக்கு. முத்திப்போச்சுன்னு அர்த்தமா?”

கொரோனாவுக்குப் பிறகு ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லே பயமுறுத்துகிறது. இந்த ரிப்போர்ட்டில் கதை நேர்மாறு. ஈஆரும் பிஆரும் பாசிட்டிவ் என்றால், அந்தப் புற்றணு தான் பிறந்த திசுவின் குணத்தை இன்னும் முழுதாக மறக்கவில்லை என்று பொருள். பொதுவாக அது மெதுவாக வளரும் வகை, ஹார்மோன் மருந்துக்கும் செவிசாய்க்கக்கூடும். நெகட்டிவ் என்று பார்த்துவிட்டு “அப்பாடா” என்று போனவர்களும் உண்டு. அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு விளக்குவதுதான் எனக்குக் கஷ்டமான வேலை.

நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ரிசெப்டர் சொல்லாது. அதற்கு ஸ்டேஜ் தனி. உயிரணு எவ்வளவு கோணல்மாணலாகிவிட்டது என்பதற்கு கிரேடு தனி. மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

“எண்பது பர்சன்ட்னு இருக்கே, உடம்புல எண்பது பர்சன்ட் கேன்சரா?”

இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு பெரியவரை உள்ளே அழைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கவே வைத்தேன். நீல நிறப் பின்னணியில் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். “கேழ்வரகைக் கொட்டின மாதிரி இருக்கு” என்றார். சரியான வர்ணனை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு உயிரணுவின் கரு. ரிசெப்டர் இருக்கும் கருவில் மட்டும் பழுப்பு ஏறும். நூறு புற்றணுக்களில் எண்பதில் பழுப்பு ஏறியிருந்தால் 80 சதவீதம். அந்த எண் ஸ்லைடில் உள்ள கட்டியைப் பற்றியது மட்டும்.

சில ரிப்போர்ட்டில் “5+3=8” என்று இருக்கும். அது ஆல்ரெட் ஸ்கோர். எத்தனை அணுக்களில் நிறம் ஏறியது என்பதற்கு 0 முதல் 5 வரை, நிறம் எவ்வளவு அழுத்தம் என்பதற்கு 0 முதல் 3 வரை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏறி, நிறமும் அழுத்தமாக இருந்தால் 8. அதுவே உச்சம்.

“டெஸ்ட் தப்பா வர வாய்ப்பு இருக்கா?”

இருக்கிறது. பெரும்பாலும் தவறு லேபுக்கு வரும் முன்பே நடந்துவிடுகிறது. எடுத்த திசு, அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் உடனே விழ வேண்டும். திசுவைப் போல பத்து மடங்கு திரவம் வேண்டும், கர்ப்பப்பையைத் திறந்து போட வேண்டும். திறக்காமல் முழுசாகப் போட்டால் ஃபார்மலின் உள்ளே ஊறுவதற்குள் உள்சுவர் கெட்டுவிடும், ரிசெப்டரும் அதோடு போய்விடும். ஒருமுறை ஒரு நர்சிங் ஹோமிலிருந்து கர்ப்பப்பை ஒன்று வாய் குறுகிய பாட்டிலில், அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஃபார்மலினோடு வந்தது. எடுத்தது முந்தின நாள் காலை, இடையில் ஒரு இரவு பஸ் பயணம் வேறு. அதில் ஈஆர் நெகட்டிவ் என்று நான் எழுதவில்லை, “சோதிக்கத் தகுதியான நிலையில் திசு இல்லை” என்று எழுதினேன். நல்லவேளை, ஆபரேஷனுக்கு முன் எடுத்த பயாப்ஸி கைவசம் இருந்தது. அதில் பாசிட்டிவ்.

நாங்கள் நம்பும் சாட்சி ஒன்று உண்டு. கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல சுரப்பியில் பழுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். அதில் ஏறி, கட்டியில் ஏறவில்லை என்றால் உண்மையான நெகட்டிவ். இரண்டிலுமே ஏறவில்லை என்றால் சோதனை தோற்றுவிட்டது, திரும்பச் செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் “பக்கத்துத் திசுவில் நிறம் ஏறியிருந்ததா?” என்று லேபில் தாராளமாகக் கேளுங்கள்.

“எனக்கு தீட்டு நின்னு பன்னெண்டு வருஷம் ஆச்சு. எனக்கு ஏது ஈஸ்ட்ரோஜன்?”

சினைப்பை ஓய்ந்துவிட்டாலும் உற்பத்தி முற்றிலும் நிற்பதில்லை. அட்ரினல் சுரப்பி தரும் ஆண் வகை ஹார்மோன்களை, கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. உடல் பருமன் கூடக் கூட இந்த உற்பத்தியும் கூடும். ஆனால் அதை எதிர்த்து நிறுத்தும் புரோஜெஸ்டிரோன் அந்த வயதில் வராது. தட்டிக்கேட்க ஆளில்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் உள்சுவரைத் தூண்டிக்கொண்டே இருக்கும்.

இளம் வயதில் பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கும் இதுதான் நடக்கிறது. முட்டை வெளிவராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. மூன்று நான்கு மாதம் மாதவிடாய் வராமல் இருப்பதை “தொந்தரவு இல்லை, நிம்மதி” என்று விட்டுவிடக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இது.

“ஹார்மோனாலதான் வந்துச்சுங்கிறீங்க. அப்புறம் ஹார்மோனையே மாத்திரையா தர்றீங்களே?”

நியாயமான கோபம். வளர்த்தது ஈஸ்ட்ரோஜன், தருவது புரோஜெஸ்டிரோன் வகை. ஒன்று ஆக்ஸிலரேட்டர் என்றால் மற்றது பிரேக். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்ததில் இந்தப் புற்றுநோய் கூடியது என்பதை 1975இல் அமெரிக்காவில் வந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. அதன் பிறகுதான் கர்ப்பப்பை உள்ள பெண்களுக்கு அதோடு புரோஜெஸ்டிரோனும் சேர்த்துத் தரும் வழக்கம் நிலைத்தது.

பிரேக்கை மருந்தாக்கும் யோசனை அதற்கும் பழையது. 1961இல் ரீட்டா கெல்லி, வில்லியம் பேக்கர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், நோய் முற்றிய 21 பெண்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து கொடுத்தார்கள். 6 பேருக்குக் கட்டி சுருங்கியது. ரிசெப்டரை அளக்கும் சோதனை அன்று நடைமுறையில் இல்லை. யாருக்கு வேலை செய்யும், யாருக்குச் செய்யாது என்று முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடிந்தது பிறகுதான்.

“என் நாத்தனாருக்கு மார்புக் கேன்சர், ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு வருஷம் மாத்திரை. எனக்கும் பாசிட்டிவ்தான், ஏன் ஒண்ணும் தரல?”

டாக்டர் மறக்கவில்லை. மார்பகத்தில் ஆபரேஷனுக்குப் பின் தரும் ஹார்மோன் மாத்திரை உயிரைக் காக்கிறது என்பது பலமுறை நிரூபணமான விஷயம். கர்ப்பப்பை உள்சுவர் நோயிலும் அதே எதிர்பார்ப்போடு ஆபரேஷன் முடிந்தவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் ஆயுள் கூடவில்லை. ஆரம்ப நிலையில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டாலே பெரும்பாலானவர்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது. பயனில்லாத மாத்திரைக்கு எடை ஏற்றமும் இரத்தம் உறைந்து கட்டுவதும் விலையாகக் கொடுப்பானேன்?

அப்படியானால் ரிசெப்டர் சோதனை எதற்கு? நோய் திரும்பினால் கையில் என்ன ஆயுதம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. இப்போது கட்டியின் இயல்பைக் கணிக்கவும் அதைப் பார்க்கிறார்கள். பார்வைக்குச் சாதுவாகத் தோன்றும் கட்டியில் ஈஆர் இல்லை என்றால், கூடுதல் கவனம் தேவைப்படும்.

“திரும்ப வந்திருக்கு. கீமோ இல்ல, வெறும் மாத்திரைங்கிறாங்க. கைவிட்டுட்டாங்களா?”

இல்லை. கிரேடு குறைவு, ரிசெப்டர் பாசிட்டிவ், மெதுவாக வளர்கிறது, முதல் சிகிச்சைக்கும் திரும்பி வந்ததற்கும் நல்ல இடைவெளி. இப்படி இருந்தால் மாத்திரையே நல்ல தேர்வாக இருக்கலாம். எண்ணிக்கையை மறைக்காமல் சொல்கிறேன். 1999இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுத்தபோது, பிஆர் நன்றாக இருந்தவர்களில் 37 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. குறைவாக இருந்தவர்களில் வெறும் 8 சதவீதம். அதே ஆய்வில் தினம் 200 மில்லிகிராம் கொடுத்ததைவிட 1000 கொடுத்ததில் கூடுதல் பலன் இல்லை. “டோஸைக் கூட்டித் தரச் சொல்லுங்க” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும். இரண்டு மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். கட்டி சுருங்காவிட்டாலும் வளராமல் நின்றால் அதுவும் பலன்தான். நுரையீரலிலோ ஈரலிலோ வேகமாகப் பரவி மூச்சு வாங்குகிறது என்றால் மாத்திரைக்காகக் காத்திருக்க நேரமிருக்காது, அங்கே கீமோதான்.

“என்னென்ன மாத்திரை? என்ன பண்ணும்?”

அதிகம் எழுதப்படுவது மெஜஸ்ட்ரால் என்ற புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை, பெரும்பாலும் தினம் 160 மில்லிகிராம். பசி கூடும், எடை ஏறும், சர்க்கரையும் பிபியும் ஏறலாம். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்கள் தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே அளந்து பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ஓடுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: நாள்பட எடுத்தால் இது அட்ரினல் சுரப்பியைத் தூங்க வைக்கும். சட்டென நிறுத்தினால் மயக்கமும் பிபி இறக்கமும் வரலாம். வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் “மெஜஸ்ட்ரால் சாப்பிடுகிறேன்” என்று சொல்லிவிடுங்கள்.

புரோஜெஸ்டிரோன் மட்டும் தொடர்ந்து போனால் உயிரணு பிஆரைக் குறைத்துக்கொள்ளும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்ஸிஃபென் பிஆரைக் கூட்டும் என்பதால் மூன்று வாரம் மெஜஸ்ட்ரால், மூன்று வாரம் டமாக்ஸிஃபென் என்று மாற்றி மாற்றித் தரும் முறையும் உண்டு. ஆய்வில் இதற்கு 27 சதவீதத்தினரிடம் பலன் கிடைத்தது. மூன்றாவது, அரோமடேஸைத் தடுக்கும் லெட்ரோசோல், தினம் 2.5 மில்லிகிராம். மூட்டு வலி, எலும்புத் தேய்வு இதன் தொல்லைகள். தனியாக இதன் பலன் சுமார்தான் என்பதால் உயிரணு பெருகுவதைத் தடுக்கும் எவரோலிமஸ், பால்போசிக்ளிப் போன்ற மருந்துகளோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். பாலியோ என்ற ஐரோப்பிய ஆய்வில், நோய் முன்னேறாமல் இருந்த இடைநிலைக் காலம் லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களுக்கு 3 மாதம், பால்போசிக்ளிப் சேர்த்தவர்களுக்கு 8.3 மாதம்.

“லெட்ரோசோல் என் மருமகளுக்குக் குழந்தைக்காகக் கொடுத்த மாத்திரை. எனக்கு ஏன் அதைத் தர்றாங்க? மெடிக்கல்ல மாத்திக் கொடுத்துட்டாங்களா?”

மாறவில்லை, அதே மருந்துதான். மருமகளுக்கு மாதவிடாய் சமயத்தில் ஐந்து நாள் மட்டும் கொடுத்திருப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளை பதறி, “முட்டையை வளர்” என்று சினைப்பைக்குக் கூடுதல் உத்தரவு போடும். உங்களுக்குச் சினைப்பை இல்லை, அல்லது ஓய்ந்துவிட்டது. உத்தரவு போனாலும் கேட்க ஆளில்லை. அதனால் தினமும் எடுக்கும்போது ஈஸ்ட்ரோஜன் அடிமட்டத்துக்குப் போய்விடும். இதே காரணத்தால், சினைப்பை இயங்கும் இளம்பெண்ணுக்கு லெட்ரோசோலைத் தனியாகக் கொடுத்துப் புற்றுநோயை அடக்க முடியாது. சினைப்பையை ஓயவைக்கும் ஊசியும் சேர வேண்டும்.

மெஜஸ்ட்ராலும் இப்படித்தான். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வேறு புற்றுநோயில் பசி எடுக்கக் கொடுத்திருப்பார்கள். “ஆம்பளைக்கும் இதே மாத்திரையா” என்று அதிர வேண்டாம்.

“மார்புக்கு டமாக்ஸிஃபென் சாப்பிட்டேன். அதனாலதான் இது வந்துச்சாம். இப்ப அதையே மருந்துங்கிறீங்க!”

இரண்டும் உண்மை. டமாக்ஸிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும், கர்ப்பப்பையின் உள்சுவரில் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துகொள்ளும். வீட்டில் ஒரு குணம், வெளியில் ஒரு குணம். ஒரு பெரிய தடுப்பு ஆய்வில், எடுக்காத பெண்களில் ஆண்டுக்கு 1000 பேரில் சுமார் 1 ஆக இருந்த கர்ப்பப்பைப் புற்றுநோய், எடுத்தவர்களில் 2.3 ஆனது. கூடியது நிஜம், ஆனால் எண் சிறியது. மார்பக நோய்க்கு அது தரும் பாதுகாப்பு இதைவிடப் பெரிது. பயந்துகொண்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். இரத்தப்போக்கு தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் வாருங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் ஆறு மாதத்துக்கொரு தரம் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. இந்த மருந்தில் சுவர் தடித்துத் தெரிவது சகஜம், வீண் பயமும் வீண் பயாப்ஸியும்தான் மிச்சம்.

டமாக்ஸிஃபெனால் வந்த நோய்க்கே அதைத் தருவார்களா என்றால், அந்த முறையை உங்களுக்குத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

“பொண்ணுக்கு இருபத்தொன்பதுதான், கல்யாணமாகி ஒரு வருஷம். கர்ப்பப்பையை எடுக்காம வழியே இல்லையா?”

வழி இருக்கிறது, ஆனால் வாசல் குறுகலானது. எண்டோமெட்ரியாய்டு வகை (உள்சுவர்ச் சுரப்பியைப் போலவே தோன்றும், அதிகம் காணப்படும் வகை), கிரேடு 1, எம்ஆர்ஐயில் தசைக்குள் இறங்கவில்லை, வெளியே எங்கும் இல்லை. இத்தனையும் பொருந்தினால் மாத்திரையோ, 52 மில்லிகிராம் லீவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டிரோன் வகை மருந்து உள்ள கர்ப்பப்பைச் சாதனமோ, இரண்டுமோ தந்து பார்க்கலாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்சுவரைச் சுரண்டி எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வந்த கணக்கு: சுமார் 76 சதவீதத்தினருக்கு நோய் மறைந்தது, சுமார் 40 சதவீதத்தினருக்குத் திரும்பியது, 28 சதவீதத்தினர் குழந்தை பெற்றார்கள்.

அந்த 40ஐத்தான் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். இது தள்ளிப்போடும் வைத்தியம். நோய் மறைந்ததும் சீக்கிரம் கருத்தரிக்க முயல வேண்டும், தேவைப்பட்டால் ஐவிஎஃப். பிள்ளை பெற்று முடித்ததும் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்வார்கள். எடை குறைப்பதும் சிகிச்சையின் பகுதி, காரணம் மேலே கொழுப்புத் திசு பற்றிச் சொன்னதுதான். குழந்தை இல்லாத குற்றத்தை அந்தப் பெண் தலையில் கட்டும் பேச்சை ஜன்னலுக்கு வெளியே நிறையக் கேட்டிருக்கிறேன். அவளிடம் இந்த எண்களைத் தனியாகச் சொல்லி, முடிவை அவளையே எடுக்க விடுங்கள்.

“எங்க அம்மாவுக்கு சீரஸ்னு போட்டிருக்கு, ஈஆர் கொஞ்சம் பாசிட்டிவ். மாத்திரை கேக்குமா?”

சீரஸ் என்பது உள்சுவரில் வரும் இன்னொரு வகை, முரட்டுத்தனமானது. அதில் ஈஆர் கொஞ்சம் தெரிந்தாலும் ஹார்மோனை நம்பி உட்கார முடியாது. நிறம் ஏறியிருக்கிறது என்பதற்காகக் கட்டி அந்த ஹார்மோனை நம்பித்தான் வாழ்கிறது என்று ஆகிவிடாது. இங்கே கேட்க வேண்டிய சோதனைகள் வேறு: ஹெர்2 என்ற புரதம் கூடுதலாக இருந்தால் அதைக் குறிவைக்கும் டிராஸ்டுஜுமாப் மருந்து உதவலாம். எம்எம்ஆர் என்ற, மரபணுப் பிழையைப் பழுதுபார்க்கும் புரதங்கள் இல்லாத கட்டிகளில் இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் சிகிச்சை) சிறப்பாக வேலை செய்கிறது. சீரஸில் அவை இல்லாமல் போவது அபூர்வம்தான், ஆனாலும் எந்த வகையானாலும் எம்எம்ஆர் பார்த்துவிடுவது நல்லது. அந்தப் புரதங்கள் இல்லாவிட்டால் சில குடும்பங்களில் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் காரணமும் தெரியவரும்.

“ஃபைப்ராய்டுன்னு எடுத்தாங்க, ரிப்போர்ட்ல ஸ்ட்ரோமல் சார்கோமான்னு வந்துச்சு. இதுக்கும் ஹார்மோனா?”

ஸ்ட்ரோமல் சார்கோமா என்பது முதலில் சொன்ன தாங்கு திசுவில் வருவது. அது லோ கிரேடு என்றால், ஆம், இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும்விட ஹார்மோனுக்கு நன்றாகக் கட்டுப்படுவது அதுதான். ஈஆரும் பிஆரும் பெரும்பாலும் அழுத்தமாக ஏறும். லெட்ரோசோல் போன்றவற்றிலோ மெஜஸ்ட்ராலிலோ வருடக்கணக்கில் அடங்கி இருப்பவர்கள் உண்டு. இதில் டமாக்ஸிஃபென் கூடாது, ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் கூடாது. முன்னே சொன்ன அந்த இரட்டைக் குணம்தான் காரணம். பத்துப் பதினைந்து வருடம் கழித்துக்கூட நுரையீரலில் எட்டிப் பார்க்கும் நோய் இது, செக்கப்பை விட்டுவிடாதீர்கள்.

ஹை கிரேடு என்றால் கதை வேறு. தசையில் வரும் லியோமயோசார்கோமாவில் நிறம் அழுத்தமாக ஏறி, மெதுவாக வளர்ந்தால் மட்டும் சிலருக்கு முயன்று பார்ப்பார்கள்.

“தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் சாப்பிடலாமா? சோயா?”

சாப்பாட்டில் சேரும் சோயா, பால், முட்டையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். “பெண்களுக்கான டானிக்” என்று விற்கும் செறிவான சூரணம், கேப்ஸ்யூல்களைத்தான் தவிர்க்கச் சொல்வேன். அவற்றில் பலவும் ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யும் என்று சொல்லித்தான் விற்கப்படுகின்றன. விற்பவர் சொல்வது உண்மையானால் உங்களுக்கு ஆகாது, பொய்யானால் காசு தண்டம்.

“ரெண்டு வருஷம் முன்னாடி பாசிட்டிவ், இப்ப எடுத்ததுல நெகட்டிவ். எந்த லேப் தப்பு?”

இரண்டுமே சரியாக இருக்கலாம். திரும்பி வரும் கட்டி ரிசெப்டரை இழப்பது வழக்கம்தான். அதனால்தான் முடிந்தால் புதிதாகப் பயாப்ஸி எடுத்துப் பார்க்கச் சொல்கிறோம். ஆனாலும் இரண்டையும் ஒரே ஆள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. அதற்கு ரிப்போர்ட் காகிதம் போதாது, பழைய பிளாக் வேண்டும். பிளாக் என்பது உங்கள் திசுவை மெழுகில் பதித்து வைத்த சிறு கட்டை, சோப்புத் துண்டு அளவுகூட இருக்காது. ஆபரேஷன் நடந்த இடத்து லேபில் பயாப்ஸி எண்ணைச் சொல்லி, எழுதிக் கொடுத்து வாங்கலாம். பல வருடம் கழித்தும் கிடைக்கும். வாங்கியதும் பெயரும் எண்ணும் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். பஸ்ஸில் வந்தால் கைப்பையில் வையுங்கள். காரில் வந்தால் மே மாத வெயிலில் டேஷ்போர்டின் மேல் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.